நூற்றெட்டும் மச்சினன் கையும்

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ முறை பேனாவை மூடி வைத்திருக்கிறேன். முருகன் முன்னால் தினமும் சொல்லி அழுததை மனிதர் முன்னால் சொல்ல இத்தனை வருடம் துணிச்சல் வரவில்லை.

கம்பத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ஒட்டிய கடை என் மனைவியின் தம்பியுடையது, அதே தொழில். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். இருவருமாக ஒரே இன்டர்நெட் இணைப்பு வாங்கினோம். இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி என் கடையில். சுவரில் ஓட்டை போட்டு அவன் கடைக்கு வயர் இழுத்தோம். தேனியிலிருந்து வந்து மாட்டிக் கொடுத்தவர், "ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நாலு பகுதியா ஐ.பி. நம்பர் உண்டு. முன்னால இருக்கிற மூணு பகுதியும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். கடைசிப் பகுதியில ஒண்ணு பெட்டிக்கு. மிச்சத்துல ஆளுக்கொரு நம்பரப் போட்டுக்கங்க" என்று காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சுருளி அருவியில் குளித்து வந்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, கடைசிப் பகுதியில் 108 என்று அடித்தேன். நூற்றெட்டு முறை முருகன் பெயரைச் சொல்லாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவன் நான். அந்தப் பழக்கமே என் மனைவி வீட்டிலிருந்து எனக்கு வந்ததுதான். சுவருக்கு அந்தப் பக்கம் மச்சினனும் கற்பூரம் காட்டி அதே எண்ணைப் போட்டிருக்கிறான். எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

அன்றிலிருந்து முதலில் கம்ப்யூட்டரைப் போட்டவனுக்கு மட்டும் லைன் வந்தது. அடுத்தவனுக்குத் திரையின் மூலையில் இங்கிலீஷில் ஏதோ எழும். எட்டாம் வகுப்போடு நின்ற நான் அதைப் படிக்காமலே மூடிவிடுவேன்.

"மாமா, ஒயரப் புடுங்குனீகளா?"

"ஏலே, ஒன் ஒயரப் புடுங்கத்தான் நான் கடை தொறந்திருக்கேனா?"

"பெட்டி ஒங்க மடியிலதான ஒக்காந்திருக்கு. அதுக்கும் சேத்துக் கற்பூரம் காட்டுங்க."

ஒருநாள் ஆத்திரத்தில் அவன் வயரை நிஜமாகவே கத்தரித்தேன். அவன் என் பெயர்ப்பலகையைச் செங்கலால் நொறுக்கினான். நடுத்தெருவில் சட்டையைப் பிடித்துக்கொண்டோம். என் உதடு கிழிந்தது. அவன் தலையைத் தூணில் மோதினேன். என் மனைவி ஒரு வாரம் இருவர் முகத்திலும் விழிக்கவில்லை. அவளுக்காகவே வயரை மறுபடி ஒட்டிக் கொடுத்தேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். என் கடை வாசல் கொள்ளாத கூட்டம். கரண்ட் போய்த் திரும்பியது. அவன் கம்ப்யூட்டர் முந்திக்கொண்டது, என்னுடையதில் லைன் செத்துவிட்டது. மகளோடு நின்ற கோம்பை ஊர்க்காரர், "அங்கன வருதாம்ல" என்று நகர்ந்தார். மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் போனது.

ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போனேன். அவன் குனிந்து ஒரு பிள்ளையின் நம்பரை அடித்துக்கொண்டிருந்தான். தலைக்குத்தான் ஓங்கினேன். வலது கையைக் குறுக்கே கொடுத்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் இரண்டாவது அடி அடித்தேன், அதே இடத்தில். அச்சடித்து வைத்த மார்க் தாளெல்லாம் ரத்தம். மூன்றாவது அடி, ஓடிவந்து அவன்மேல் விழுந்த என் மனைவியின் தோளில் இறங்கியது.

"என் தம்பி கைய ஒடைக்கத்தான் காலையில சாமி கும்பிட்டீகளா?" என்றாள்.

அவனைத் தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். யாரோ போன் செய்து, இணைப்பு மாட்டியவர் வந்தார். இரண்டு கம்ப்யூட்டரையும் போட்டார். மூலையில் எழுந்ததைப் படித்துச் சொன்னார்: "இந்த நம்பர் வேற கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொல்லுதுண்ணே. ரெண்டுலயும் நூத்தெட்டு. யாரும் யார் லைனையும் தொடல."

தரையில் ரத்தம் கழுவப்படாமல் இருந்தது. அங்கேயே ஒரு விண்ணப்பத் தாளின் பின்புறம் எழுதிக் காட்டினார். ஐ.பி. நம்பருக்குக் கீழே மாஸ்க் என்று இன்னொரு நம்பர், அதிலும் நான்கு பகுதி. 255 நிற்கும் இடமெல்லாம் இருவருக்கும் பொது. பூஜ்யம் நிற்கும் இடம் ஆளுக்கு ஆள் மாற வேண்டும்.

"மாறலேன்னா?" என்றேன். அவர் தரையைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் மச்சினனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்களுமா நூத்தெட்டு?" என்றான். பிறகு, "என்னயப் பிரிச்சு விட்ருங்க மாமா. ஒங்ககூட ஒரே வரிசையில எனக்கு நம்பர் வேணாம்."

அதற்காகத்தான் நம்பர் வரிசையைப் பிரிப்பதைப் படித்தேன். மாஸ்க்கின் கடைசிப் பகுதியில் 128 போட்டால் வரிசை இரண்டு பாதியாகிறது. ஒன்று முதல் 126 வரை ஒருவர், 129 முதல் 254 வரை மற்றவர். பெட்டிக்கு இரண்டு பாதியிலும் ஒரு நம்பர் வேண்டும். தேனிக்காரர் பக்கத்தில் நிற்க, நானே அடித்தேன். முதல் பாதியும் நூற்றெட்டும் அவனுக்கு. எனக்கு இருநூறு. பெட்டியையும் அவன் கடைக்கு மாற்றினேன். அவன் மணிக்கட்டு இன்றுவரை திரும்புவதில்லை. இடது கையால்தான் அடிக்கிறான்.

ஊரில் வேறு கதை நடக்கிறது. அவர் சாமி கும்பிடுகிறவர், வயதில் மூத்தவர், மச்சினன்தான் முதலில் கை ஓங்கியிருப்பான் என்கிறார்கள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் அடுத்தவருக்குச் சொல்லும்போது தயவுசெய்து எதையும் மாற்றாதீர்கள். அவன் கை தடுக்க மட்டுமே உயர்ந்தது. அடி மூன்று. மூன்றாவது அவளுக்கு. அன்று காலை நான் நூற்றெட்டும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கடை திறந்தேன்.