அப்பா ஜெயித்த கேம்

சித்தி வாங்கி வந்தது கேமிங் லேப்டாப். கடைக்காரர் அப்படித்தான் சொன்னாராம், அட்டைப்பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் அதில் கேம் விளையாடுவதற்குத்தான் எனக்கு ஆயிரத்தெட்டு சட்டம். சித்தி மட்டும் காலை முதல் சாயங்காலம் வரை அதில் யார் யாருக்கோ வீடு கட்டிக்கொண்டிருப்பாள். சுவரையும் மாடிப்படியையும் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பாள். அந்த வேலையைச் சாதாரண லேப்டாப் தாங்காதாம். வேலை செய்கிறவர்களிடம் கேமிங் லேப்டாப்பும், விளையாட வேண்டியவளிடம் வீட்டுப்பாட நோட்டும் இருக்கிற இந்த உலகத்து நியாயம், நான்காம் வகுப்பில் எனக்குக் கொஞ்சமும் பிடிபடவில்லை.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். வேலை முடிந்ததும் தினமும் முக்கால் மணி நேரம் லேப்டாப்பை எனக்குக் கொடுப்பாள். கட்டிலில் வைத்து ஆடக்கூடாது, மெத்தை அதன் காற்றை அடைத்துவிடும். மடியில் வைக்கக்கூடாது, சூடு. மேஜைதான். நாற்காலியில் உட்கார்ந்தால் என் கால் தொங்கும் என்று, கால் வைக்க ஒரு பழைய பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடுகிற தூரத்தில் உட்கார வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து போய், பால்கனியிலிருந்து தூரத்துத் தண்ணீர் டேங்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வர வேண்டும். கார் ரேஸில் முதல் இடத்தில் போய்க்கொண்டிருக்கும்போது தண்ணீர் டேங்கைப் பார்க்கச் சொன்னால் யாருக்குத்தான் அழுகை வராது?

கடைசிச் சட்டம் ஹெட்போனுக்கு. சத்தத்தைக் கூட்டுகிற சின்னச் சக்கரத்தில் சித்தி சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டிருந்தாள். அந்தக் கோட்டைத் தாண்டினால் லேப்டாப் கிடையாது.

அப்பா எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் டமார் டமார் என்று தகடு அடிக்கிற மிஷினில் வேலை பார்த்தார். புதிதாக வந்தவன் எந்த மிஷினில் கை வைப்பதற்கு முன்னாலும், மூத்த ஆள் ஒருமுறை ஓட்டிப் பார்த்து 'சரி' என்று சொல்ல வேண்டும், அது அவர்கள் ஷாப் வழக்கம். அப்பா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். என் வெந்நீரில் முதலில் அவர் கைதான் இறங்கும். என் சைக்கிளை முதலில் அவர்தான் முட்டி இடிக்க ஓட்டிப் பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தவர், ஹெட்போனையும் அப்படியே வாங்கித் தன் காதில் மாட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஒண்ணியும் கேக்கல" என்று சக்கரத்தைத் திருப்பினார். கோட்டைத் தாண்டித் திருப்பினார். இன்னும் திருப்பினார். "ஆங், இப்ப சரியா கீது. போட்டுக்க."

போட்டேன். காரின் இன்ஜின் என் மண்டைக்குள் ஓடியது. ஆனால் அப்பாவே சரி என்று சொல்லிவிட்டாரே. சித்தியின் கோடு பெரிதா, அப்பாவின் காது பெரிதா என்று யோசித்துப் பார்த்துவிட்டு, அப்பா பக்கம் சாய்ந்தேன். அதற்குப் பிறகு நாலைந்து நாள் சக்கரத்தைத் தொடவே இல்லை. படுத்தால் காதுக்குள் கொய்ங் என்று ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும். சொன்னால் லேப்டாப் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை சித்தி ஹெட்போனை மாட்டிய வேகத்தில் பிடுங்கி மேஜையில் போட்டாள். "யார்டி இவ்ளோ வெச்சது? காது இன்னாத்துக்கு ஆவும்?"

நான் அப்பாவைக் கை காட்டினேன். அவர் பேப்பரில் இருந்து நிமிரவில்லை. அம்மா இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

"மாமா, நீங்களா சவுண்டை ஏத்துனீங்க?" என்று சித்தி கேட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார். ஹெட்போனைப் பார்த்தார். "நான் இன்னாத்துக்கு ஏத்தப் போறேன்?" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒருவேளை நான்தான் ஏற்றிவிட்டு மறந்துவிட்டேனோ என்றுகூட ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. சத்தம் வைத்ததற்கும் பொய் சொன்னதற்கும் சேர்த்து ஒரு வாரம் லேப்டாப் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. தேம்பித் தேம்பி அழுதேன். தீர்ப்பைச் சொன்ன சித்தி என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் சித்தி அப்பாவை மேஜைக்கு எதிரில் உட்காரவைத்து, அவர் தலையில் ஹெட்போனை மாட்டினாள். "மாமா, ஒரு சவுண்டு வரும். கேட்டா விரலைத் தூக்குங்க. அவ்ளோதான்."

தண்டனை எனக்கு, கேம் அப்பாவுக்கா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். திரையில் காரும் இல்லை, ரோடும் இல்லை. வெறும் ஒரு கட்டம். சித்தி ஒரு பட்டனைத் தட்டினால் அது பச்சையாகும், அப்போது ஹெட்போனில் சத்தம் போகும். இவ்வளவு மட்டமான கேமை நான் பார்த்ததே இல்லை. அப்பா எதிர்ப்பக்கம் இருந்ததால் அவருக்குத் திரை தெரியாது.

முதல் மூன்று தடவை அப்பா விரலைத் தூக்கினார். நாலாவது தடவை கட்டம் பச்சையானது, விரல் தொடையிலேயே கிடந்தது. மறுபடி பச்சை. அப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு காத்திருந்தார். விரல் தூக்கவில்லை.

அம்மா சமையலறை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "இது கம்பெனிக்குத் தெரிஞ்சா மிஷின்ல வுடுவாங்களா?" என்றாள்.

"இன்னும் ரெண்டு வாட்டி பாக்குறேன்கா. அப்பவும் கேக்கலன்னா நாளைக்கே டாக்டராண்ட இட்டுகினு போயிடலாம்" என்றாள் சித்தி. ஹெட்போனுக்குள் இருந்த அப்பாவுக்கு இது எதுவும் எட்டவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்று புரிந்தது. இந்த கேமில் தோற்றால் டாக்டர், டாக்டர் என்றால் ஊசி. முந்தின நாள் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கட்டம் பச்சையானதும், சித்தியின் தலைக்குப் பின்னால் என் விரலை மெல்ல உயர்த்திக் காட்டினேன்.

அப்பா என்னைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். பிறகு அவர் விரல் எழுந்தது.

அடுத்த பச்சைக்கு என் விரல், அவர் விரல். சித்தி சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனாள். இன்னும் நாலு தடவை வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நல்லாத்தான் கேக்குதுக்கா. இந்த ஹெட்போன்லதான் லூஸ் கான்டாக்ட் போல" என்று சித்தி சிரித்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள். குற்றம் ஹெட்போன் மேல் போனதால் என் தண்டனையும் ரத்தானது. அப்பா எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை. ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அதே மிஷினில், அதே சத்தத்தில் அப்பா நின்றார். கடைசியில் டாக்டரிடம் போனபோது, இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் மிச்சம் இருந்ததையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் அவர். பக்கத்தில் ஆறாம் வகுப்புச் சீருடையில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் சித்தியின் தலைக்குப் பின்னால் தூக்கிய என் விரல் ஞாபகம் வந்தது. அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதெல்லாம் எதுவும் தெரியாது. டீ குடித்துவிட்டு அப்பா கடைக்குக் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடி, மாடிப்படியில் நின்று, "அப்பா, நம்ம ஜெயிச்சிட்டோம்" என்றேன். அவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவர் பாட்டுக்குப் படியிறங்கிப் போய்க்கொண்டே இருந்தார். சித்தி காதில் விழுந்துவிடப் போகிறதே என்றுதான் பேசாமல் போகிறார் என்று நினைத்து, நானும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன்.