ஒக்சானா கட்டிய பெட்டிகள்

தெரிந்துதான் அனுப்பினேன். போருக்குப் போகின்றன என்று தெரிந்த பிறகும் ஏழு மாதங்கள், என் கையொப்பத்தோடு, அந்தப் பெட்டிகளை அனுப்பினேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினையுங்கள்.

ஜெர்மனியில், ஹனோவருக்கு வெளியே, சிறிய மின்மோட்டார்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே பொதிகளை அனுப்பும் பகுதியில் பத்தொன்பது வருடங்கள் வேலை செய்தேன். ஒருநாள், பழுதென்று திரும்பி வந்த பெட்டியொன்றைத் திறந்தேன். நாங்கள் அதை அனுப்பியது வேறொரு நாட்டுக்கு. உள்ளே இருந்த தாளோ ரஷ்ய மொழியில் இருந்தது. கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். 'சுமையோடு பறக்கும்போது ட்ரோனின் மோட்டார் சூடாகிறது.' கீழே ஒரு படைப்பிரிவின் முத்திரை...

மேலாளரிடம் காட்டினேன். "பத்திரத்தில் முகவரி சரியா? அதை மட்டும் பார்" என்று சொல்லித் தாளைக் கிழித்துப் போட்டார். படம் என்னிடம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஐம்பத்தாறு வயதில் வேறு வேலை யார் தருவார்கள்? அவ்வளவுதான் காரணம். எங்கள் வன்னியில் சனம் இலங்கைப் படையின் ஷெல்லடியில் செத்துக்கொண்டிருந்தபோது, இதே நாட்டுத் தெருக்களில் பதாகை பிடித்து, "அவர்களுக்கு ஆயுதம் கொடுக்காதீர்கள்" என்று கத்தியவன் நான். கொன்றவனோடு கொடுத்தவனையும் விசாரியுங்கள் என்று கேட்டவன். கொடுத்தவன் என்றால் யாரோ கோட்டுப் போட்ட பெரிய மனிதன் என்றே எண்ணியிருந்தேன்... பசைநாடாவோடு நிற்கும் ஒருவனும் அதில் சேர்த்தியா?

பிறகு ஒக்சானா வேலைக்கு வந்தாள். உக்ரைனின் கார்கிவ் நகரிலிருந்து மகளோடு தப்பி வந்தவள். பக்கத்து மேசையில் பொதி கட்டினாள். அவளிடமும் அந்தப் பெட்டிகளைக் கொடுத்தேன்.

ஒருநாள் காலை, மோட்டார்களைச் சுற்றி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு காகிதம் திணித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"தூரம் போகிறதே. உடையாமல் போய்ச் சேரட்டும்" என்றாள், தட்டுத்தடுமாறும் ஜெர்மனில்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணீரை நிறுத்தினாள்.

"இவ்வளவு நாளும் தெரிஞ்சோ அனுப்பினீங்கள்?"

"ஓம்."

"வேலை போனால் போகட்டும். நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ. நானும் வாறன்."

சுங்க விசாரணை அலுவலகத்தில் மூன்று மணி நேரம் பேசினேன். படத்தைக் கொடுத்தேன். என் கையொப்பங்கள் எவை என்றும் நானே காட்டினேன். என்மீதும் வழக்கு வரலாம் என்றார் அதிகாரி. வரட்டும் என்றேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது... பக்கத்து பேக்கரியில் ரொட்டி வாங்கி, நடந்துகொண்டே தின்றேன். எத்தனை மாதங்களுக்குப் பிறகு பசித்தது!

பெட்டிகள் நின்றன. விசாரணை தொடங்கியது. என்னையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கடைசி நாளில், ஒக்சானாவிடம் நானே சொன்னேன். வேறொருவர் வாயால் அவள் அறியக்கூடாது என்று நினைத்தேன்.

முழுவதையும் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்னிடம் தந்தபோதே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். தன் இரண்டு கைகளையும் மேலங்கியில் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். எழுந்து போய்விட்டாள்.

நான் இப்போது நன்றாக உறங்குகிறேன். அவள் உறங்குகிறாளா என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.