பென்கா எடுக்கும் தொலைபேசி

யாரும் எடுக்காத அழைப்புக்குக் காசு வாங்கக் கூடாது என்பது நிமிடக் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசவிடும் கோல் ஷொப் தொழிலின் முதல் விதி. ஜேர்மனியில் வுப்பர்டாலிலோ வேறெங்கோ தொலைபேசிக் கண்ணாடிக் கூண்டுகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஊரார் அழுகையைக் கேட்டு நொந்தவர்கள் உங்களில் இருந்தால், நாம் ஒரே சாதி.

எதிர்க்கரை ருமேனியா

பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு, என் கடைக்கு ஒரே இடத்துச் சனமாக வரத் தொடங்கியது. டானியூப் என்கிற டோனாவ் ஆற்றங்கரை நகராட்சி ஒன்று. கரையில் ஒரு சிறு பட்டணம், மேட்டில் சில கிராமங்கள், ஆற்றின் நடுவே நாட்டின் எல்லை. பாலம் கிடையாது, அக்கரைக்குப் படகுதான். கட்டட வேலை செய்யும் ஜோர்ஜி இதையெல்லாம் என் மேசையில் விரலால் வரைந்து காட்டினான். அந்த ஆறு ஜேர்மனியில்தானே தொடங்குகிறது என்று நானும் என் படிப்பை எடுத்துவிட்டேன். அவன் பேசியது அரைகுறை ஜேர்மன். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

"ஓம், தண்ணி இஞ்சயிருந்து அங்க போகுது. ஆக்கள் அங்கயிருந்து இஞ்ச வருகினம்."

ஆளைக் கூட்டிவாங்கோ

ஜோர்ஜியின் கிராமத்தில் தொலைபேசிக் கம்பிகளைக் கள்ளர் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கைத்தொலைபேசியோ அக்கரை ருமேனியாவின் சிக்னலைப் பிடித்துக் காசைத் தின்னும். வெட்டாமல் மிஞ்சியது பென்கா என்ற வயதான அம்மாவின் வீட்டுத் தொலைபேசிக் கம்பி மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாடிக்கையாளர்கள் அவளுக்கு அழைப்பு எடுத்து, தங்கள் தாய் தகப்பனைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு வைப்பார்கள். அவள் தெருவில் இறங்கிப் போவாள். அவர்கள் வந்து சேரும்வரை இவர்கள் என் வாங்குப் பலகையில் குந்தியிருந்துவிட்டு மறுபடி எடுப்பார்கள்.

ஒரு ஞாயிறு ஜோர்ஜி போன வேகத்தில் கூண்டுக்கு வெளியே வந்தான். வாங்கில் உட்காரவில்லை. "அம்மாவைக் கூட்டிவரப் போயிட்டாவோ?" என்று கேட்டேன்.

"அம்மா இனி வரமாட்டா. காலமை பாண் குடுக்கப் போன பென்காதான் கண்டவ."

மகளின் பிடிவாதம்

பென்காவின் மகள் ருமியானா இங்கே முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. தாய்க்கு நெஞ்சு வருத்தம். பனி கொட்டினால் மேட்டுப் பாதை மூடிவிடும், பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு இறங்க ஏலாது. தாயை இங்கே கூட்டிவருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். தெருவில் இன்னும் நாலைந்து கிழடுகள் இருக்க நான் எப்படி வருவது என்று பென்கா மறுத்துக்கொண்டிருந்தாள்.

வாங்கில் இருந்தவர்களும் கொஞ்சம் பொறு, பொறு என்று ருமியானாவைக் கெஞ்சினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கள் வசதிக்கு அடுத்தவள் தாயைக் காவல் வைக்கிறார்களே! கல்லாவில் இருந்த என் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். அவள் திருப்பிக் கேட்டாள்.

"ஊரில உங்கட அம்மாவுக்கும் பக்கத்து வீட்டக்காதானே போனை எடுத்துக் குடுத்தவ. அவவும் ஊரை விட்டு வெளிக்கிட்டிருந்தா நீங்கள் என்ன செய்திருப்பியள்?"

பென்கா வந்தாள்

அடுத்தடுத்த குளிர்காலங்களில் அந்தக் கிழடுகளும் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் தெருவில் பென்கா மட்டும். ருமியானா போய்க் கூட்டிவந்துவிட்டாள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். பென்கா தனியாகக் கூண்டுக்குள் போய், ஒரு இலக்கத்தைப் பார்க்காமலே அழுத்தி, வாய் திறக்காமல் நெடுநேரம் காதில் வைத்திருந்தாள். பிறகு மெல்ல வைத்துவிட்டு வெளியே வந்தாள். யாருக்கு எடுத்தாய் என்று மகள் கேட்டாள். எங்கட வீட்டுக்குத்தான் என்றாளாம். தாய் சொன்ன மிச்சத்தையும் மகள்தான் எனக்குச் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆரும் இல்லையெண்டு தெரியும். மணி அடிக்குதோ எண்டு பாத்தன். அடிக்குது."

யாரும் எடுக்காத அழைப்புக்குக் காசு இல்லை, நான் வாங்கவில்லை. அந்தக் கிராமத்தோடு எனக்கிருந்த வியாபாரம் அன்றைக்குத்தான் முடிந்தது.