லேபல் இல்லாத போத்தல்

கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் தினமும் காலையில் ஒரு குளிசை போடுவார். "பிரஷருக்கு" என்பார். லேபல் இல்லாத போத்தலிலிருந்து எடுத்துக் கொடுப்பதே நான்தான்.

போன வருடம் பன்வில மருத்துவ முகாமில் அவருக்குப் பிரஷரே இல்லை என்றார்கள். பிறகு எதற்கு வீண் மருந்து? எல்லாவற்றையும் குப்பையோடு போட்டு எரித்தேன்.

மறுநாள் நான் குளிசை கொடுக்காததால் அலுமாரியைத் திறந்தவரிடம், எல்லாவற்றையும் எரித்துவிட்டேன் என்றேன்.

"அது பிரஷருக்கு இல்ல, புள்ள. எனக்கு எச்.ஐ.வி. ஒன்னைக் கட்டுறதுக்கு முந்தியே இருக்கு."

கண்டி கிளினிக்கில் என் இரத்தத்தைச் சோதித்தார்கள். எனக்குத் தொற்றவில்லை.

தாதி விளக்கினார்: "நோயை எதிர்க்கிற இரத்த அணுவுக்குள்ள இந்த வைரஸ் புகுந்து, தன்னை நகலெடுத்துப் பெருகி, அந்த அணுக்களையே அழிச்சிரும். நகலெடுக்க விடாமத் தடுக்கிறதுதான் இந்தக் குளிசை. அவர் ஒருநாளும் விடாமப் போட்டாரு. அதனாலதான் ஒங்களுக்குத் தொத்தல. நிப்பாட்டினா வைரஸ் திரும்பப் பெருகிரும்."

"அப்போ அவர் என்னைக் காப்பாத்துனாரா, ஏமாத்துனாரா மிஸ்?"

தாதி புதுக் குளிசைப் போத்தலொன்றை என் கையில் வைத்தார்.

இப்போதும் காலையில் குளிசையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். முகத்தைப் பார்த்துக் கொடுக்கத்தான் முடியவில்லை.