மின்தடை நாளில் முடிந்த ஷாட்

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு என்னோடு இருந்த லூர்துசெல்வி இப்போதும் திண்டிவனத்தில்தான் இருக்கிறாள். அவளைக் கேட்டாலும் இதே நேரங்களைத்தான் சொல்வாள். ஒரு நிமிடம்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

என் பெயர் பிரபாவதி. திண்டிவனத்தில் ஒரு மாடியில் கார்ட்டூன் ஸ்டூடியோ நடத்துகிறேன். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். எல்லாரும் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். நன்றாக வரைவார்கள், ஆனால் சென்னையில் அறை எடுத்துத் தங்க வழியில்லாதவர்கள். மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், வாழும் ஒரு கீரிப்பிள்ளையின் கதையை, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே, ஒரு டிவி சேனலுக்காகச் செய்துகொண்டிருந்தோம். ஏற்கெனவே இரண்டு பாகம் தாமதம். இன்னொரு முறை தாமதமானால் வெளியூர்த் தொடர் ஒன்றை டப்பிங் செய்து போட்டுக்கொள்வோம் என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். அப்படி ஆனால் ஸ்டூடியோவை மூட வேண்டியதுதான்.

போன ஆண்டு ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. ஏழாவது பாகத்தை இரவு எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஒரே ஒரு ஷாட் பாக்கி. கீரி தன் வளைக்குள் சுருண்டு படுத்துக் கண்ணை மூடுகிறது. நான்கு நொடிதான். வரைகிறவன் தென்னரசு. முந்தின நாள் மாலை மூன்றில் ஒரு பங்கை முடித்திருந்தான்.

"மிச்சத்த காலையில வந்து முடிச்சிடறேங்க்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு தன் ஊரான வல்லத்துக்குக் கிளம்பினான்.

காலையில் வரவில்லை. போன் அணைந்திருந்தது.

அன்று மாதாந்திர மின்தடை, ஒன்பதிலிருந்து ஐந்து வரை. சொல்லி வைத்திருந்த ஜெனரேட்டரும் வரவில்லை. யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கியது. 9.10க்கு எல்லாக் கம்ப்யூட்டரும் அணைந்தன. மெயின் சுவிட்சை நானே இறக்கினேன். ஐந்து மணிக்கு வரச்சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டேன். நானும் எட்டுப் பேரில் ஒருத்தியான லூர்துசெல்வியும் மட்டும் இருந்தோம். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போவேன். போன் போடுவேன். திரும்ப ஜன்னலுக்குப் போவேன்.

மதியம் 1.48.

சர்... சர்... சர்ர்க்...

லூர்துசெல்வி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"உள்ள யாருக்கா?"

"யாரும் இல்லியே."

"யாரோ வரைஞ்சிக்கினு இருக்காங்கக்கா..."

ஆமாம். கம்ப்யூட்டரில் வரைகிறவர்கள் ஒரு பலகைமேல் பிளாஸ்டிக் பேனாவால் வரைவார்கள். அது உரசும் சத்தம். மின்விசிறி ஓடாததால் தெளிவாகக் கேட்டது. தென்னரசு அழுத்தி வரைகிறவன். மற்றவர்கள் வரைந்தால் இவ்வளவு சத்தம் வராது. அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"பின்பக்கமா வந்துட்டானோ?" என்றேன்.

"பின்பக்கம் ஏதுக்கா வழி?"

எழுந்து போகத் துணிவு வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. அவன் இடம் கடைசித் தடுப்புக்குப் பின்னால். ஒவ்வொரு அடிக்கும் சத்தம் கூடியது.

எட்டிப் பார்த்தேன்.

நாற்காலி காலி. திரை கருப்பு. பேனா அதன் தாங்கியில் நிமிர்ந்து நின்றது.

சர்... சர்... சர்ர்க்...

சத்தம் நிற்கவில்லை. பலகையிலிருந்துதான் வந்தது.

லூர்துசெல்வி ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தபடி மெல்லப் பலகையைத் தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்தாள்.

"சூடா இருக்குக்கா. கை வக்கிற எடம் மட்டும்..."

சர்... சர்ர்...

நின்றது.

2.17.

எப்படி மாடியிறங்கினோம் என்று தெரியாது. எதிர் டீக்கடையில் ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தோம்.

5.04க்குக் கரண்ட் வந்தது. மற்றவர்களும் வந்தபிறகுதான் மேலே ஏறினோம். தென்னரசுவின் ஃபைலைத் திறந்தேன்.

ஷாட் முடிந்திருந்தது.

கடைசியாகச் சேமித்த நேரம்... 2.17.

யாரிடமும் சொல்லவில்லை. அனுப்பாமலும் இருக்க முடியவில்லை. வண்ணம் தீட்டி, 7.40க்கு அனுப்பினேன். முதல் முறையாகச் சேனல் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

8.10க்குத் தென்னரசுவின் மனைவி அன்புச்செல்வி போன் செய்தாள்.

"காலையில வண்டியில வரச்சொல்ல வழியில லாரி இடிச்சிடுச்சிக்கா. உசுருக்கு ஒண்ணும் இல்லன்ட்டாங்க. வலது கைதான்... நசுங்கிப் போச்சின்னு எடுத்துட்டாங்க."

கையை எடுத்த நேரத்தைத்தான் கேட்டேன்.

"எத்தன மணிக்கு?"

"டாக்டரு வெளிய வந்து கைய எடுத்தாச்சின்னு சொல்லச்சொல்ல ரெண்டு பதினேழு. செவுத்து கடியாரத்தயே பாத்துக்கினு இருந்தேங்க்கா..."

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஷாட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றே போனேன். அவன்தான் முதலில் கேட்டான்.

"ஷாட்டு போயிடுச்சாக்கா?"

"போச்சுப்பா. நீ தூங்கு."

கட்டுப் போட்ட முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீரி கண்ண மூடற எடத்துல ரெண்டு படம் ஜாஸ்தி வரைஞ்சிட்டேங்க்கா. அவசரத்துல எண்ணல. ஏதும் சொன்னாங்களா?"

அன்றே ஸ்டூடியோவுக்குத் திரும்பி, ஃபைலைத் திறந்து, ஒவ்வொன்றாக எண்ணினேன். நொடிக்கு இருபத்தைந்து வீதம் நான்கு நொடிக்கு நூறு படம் இருக்க வேண்டும்.

நூற்றிரண்டு இருந்தது.