அக்கா மகள் எடுக்கவிருந்த மைனர்

எஸ்.டி.டி. பூத்துக்குள் ஒருவர்தான் நிற்க முடியும். நாங்கள் மூன்று பேர் நின்றோம்!

காந்திபுரம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி, காலை நேரம்.

ரிசீவர் என் அக்கா மகள் கலைச்செல்வியின் காதில். அவளுக்குப் பின்னால் அவள் அப்பா, அதாவது என் மச்சான். அன்னூரில் மோட்டார் பம்பு ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். கதவோடு நசுங்கியபடி நான்.

(பத்திரிகை நிருபன், இங்கிலீஷ் பேசுவான் என்று என்னைக் கூட்டி வந்திருந்தார்கள். பேசப்போவதோ பவானிக்காரரிடம்!)

கலைக்கு அமெரிக்காவில் அணுசக்திப் பொறியியலில் டாக்டர் பட்டம் படிக்க இடம் கிடைத்திருந்தது. விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று. என்னென்ன பாடங்கள் எடுக்கப்போகிறாய், யோசித்து எழுது என்று அங்கிருந்து பேராசிரியர் கேட்டிருந்தார்.

எனக்கு அதுவே குழப்பம். டாக்டர் பட்டம் என்றால் ஆராய்ச்சிதானே? மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் எதற்கு?

"அங்க அப்படித்தான் மாமா" என்றாள் கலை. அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை. அதனால்தான், அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த பவானிக்கார சீனியர் செந்திலுக்கு இந்தப் போன்.

முதலில் எங்களுக்குக் கேட்டது கலை பேசியது மட்டும்தான்.

"மைனர் கட்டாயமாங்கண்ணா?"

மச்சான் நிமிர்ந்தார்.

"ஒண்ணு போதுங்களா, ரெண்டு வேணுமா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஓ... நம்மளுதுக்குள்ளயே எடுக்கக் கூடாதா? வெளியிலதான் பாக்கோணுமா?"

(இளையவர்களுக்கு ஒரு குறிப்பு: எங்கள் பக்கம் மைனர் என்றால் சொத்துள்ள வீட்டுப் பையன். கழுத்தில் செயின், புல்லட்டில் ஊர்வலம், மற்றபடி ஒரு வேலையும் கிடையாது. பெண்ணைப் பெற்ற யாருக்கும் ஆகாத ஆள்.)

மச்சான் ரிசீவரைப் பிடுங்கினார்.

"ஏனுங்க தம்பி, நான் அம்மணியோட அப்பா பேசறனுங்க. அந்த மைனரு யாருங்க?"

வெளிநாட்டுப் போன் என்றாலே அப்போது எல்லோரும் கத்துவார்கள். செந்தில் போட்ட சத்தத்தில் அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"வணக்கமுங்க! அதுக்கு ஏனுங்க கவலப்படறீங்க? அவங்களே பாத்து எடுத்துக்கட்டும். புடிக்கலீன்னா மாத்திக்கலாமுங்க. நானே மொதல்ல ஒண்ண வெச்சிருந்தேன். ஒத்துவரல. உட்டுப்போட்டு வேற புடிச்சுக்கிட்டனுங்க!"

"நீங்களுமா?!"

"இங்க எல்லாருந்தானுங்க. ப்ரொபசர் சரின்னாப் போதும்."

"பெத்தவங்கள ஒரு வார்த்த கேக்கறதில்லீங்களா?"

"அவங்களுக்கு இதுல என்னங்க தெரியும்?"

மச்சான் ரிசீவரை வைத்துவிட்டார்.

"மாப்ள, டிக்கெட்டக் கேன்சல் பண்ணிப்போடுங்க."

குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உயர்ந்திருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம்.

கலையின் முகம் வெளுத்தது. "எதுக்குப்பா? நான் என்ன பண்ணேன்?"

"மைனரோட திரியறதுக்கு அமெரிக்கா எதுக்கு கண்ணு? அன்னூர்லயே நாலு பேரு இருக்கறானுங்க."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. (எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.)

"அய்யோ அப்பா! அது பாடம்! அணுசக்தி எனக்கு மேஜர். அதோட வேற டிபார்ட்மென்ட்ல மூணு பாடம் எடுக்கோணும். அதுக்குப் பேருதான் மைனர். கணக்கு எடுக்கறதா, உலோகம் எடுக்கறதான்னு கேட்டுக்கிட்டிருந்தேன்!"

"மேஜரா? மிலிட்டரி ஆளு வேறயா?"

வெளியே மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்த பூத்துக்கார அம்மாவுக்குப் புரையேறியது.

"ரெண்டும் சப்ஜெக்ட் மச்சான்" என்றேன். "ஆளே கிடையாது."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா." (தெரியாது. ஆனால் கலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.)

மச்சான் போனுக்குக் காசைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அன்னூர் பஸ்ஸில் ஏறினோம். கலை முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். மச்சான் ஜன்னலோரம், நான் பக்கத்தில். டிக்கெட்டை ரத்து செய்வதா வேண்டாமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கோவில்பாளையம் தாண்டியதும் வாய் திறந்தார்.

"மாப்ள, இவ படிக்கப்போறது குண்டா, கரண்டா?"

இடம் கிடைத்த நாளிலிருந்து வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. குளிருக்கு ஸ்வெட்டர் எங்கே வாங்குவது என்று கேட்டிருந்தோம். பருப்புப்பொடி எடுத்துப்போகலாமா என்று கேட்டிருந்தோம். இதை நிருபனான நானும் கேட்கவில்லை!

"கரண்டுதான் மச்சான். அணுவில இருந்து கரண்ட் எடுக்கறது."

"கரண்டா!"

முகமே மாறிவிட்டது. "நேத்துப் பூரா கரண்ட் இல்லாம ஒர்க்‌ஷாப்புல லேத்து ஓடல. வேலயாளுங்க சும்மா உக்காந்துக்கிட்டிருந்தாங்க. இதத்தானுங்க மொதல்ல சொல்லியிருக்கோணும்? மைனரு மேஜருன்னு என்னத்தையோ பேசிக்கிட்டு..."

சீட்டிலிருந்து பாதி எழுந்து, முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அம்மணி! நீ போ கண்ணு! போயிச் சீக்கிரமாக் கொண்டுக்கிட்டு வா!"

பெண்கள் சீட்டிலிருந்து கலை திகைத்துத் திரும்பினாள்.

"யாரப்பா? மைனரையா?"

பஸ் மொத்தமும் எங்களைப் பார்த்தது.