சுவிட்ச் டீச்சரும் நாற்பத்திரண்டு பேரும்

இரண்டாம் வகுப்பு என்றால் சும்மாவா? ஏழு வயசுப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர், ஒரே அறை. ஒருத்தன் பென்சில் சீவிக்கொண்டிருப்பான், இன்னொருத்தி பல் விழுந்துவிட்டதென்று அழுவாள். விழுந்த பல்லைப் பார்க்க இருபது பேர் பெஞ்சு மேல் ஏறியிருப்பார்கள். வெளியில் நிற்கிறவர்களுக்கு என்ன, "அன்பா சொன்னா கேக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வந்து ஒரே ஒரு நாள் உள்ளே நின்று பார்க்கட்டும்.

நம்ம டீச்சர் பத்தொன்பது வருஷம் நின்றவர். முதல் ஆறு வருஷத்தைக் கத்தியே ஓட்டினார். ஒரு நாள் காலையில் எழுந்தால் குரல் வெறும் காற்றாக வந்தது. "இப்படியே கத்தினீங்கன்னா பேச்சே போயிடும்மா, வேற வேலை பாருங்க" என்றார் டாக்டர். வேறு வேலைக்கு எங்கே போவது? அவருக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வேலைதான். அந்தத் தொண்டையைக் காப்பாற்றத்தான் இரண்டு வார்த்தைகளைப் பிடித்தார்.

"சிலை!" என்று ஒரே ஒரு சத்தம். யார் எங்கே எப்படி இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். அப்புறம் மெதுவாக "உயிர்" என்பார், அசையலாம். 'சிலை' நாலு வகுப்பு தாண்டிக் கேட்கும். 'உயிர்' முன்வரிசைக்குக் கேட்டாலே பெரிசு. பக்கத்தில் இருப்பவர் அசைவதைப் பார்த்து மற்றவர்கள் அசைந்துகொள்வார்கள்.

பிள்ளைகள் சும்மா விடுவார்களா? சிலையாக நிற்கிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கிச்சுகிச்சு மூட்டினார்கள். அதற்கும் டீச்சர் ஒரு சட்டம் போட்டார்: யார் கூப்பிட்டாலும் சிலை வாய் திறக்காது. பள்ளிக்கூடம் முழுக்க அவருக்கு 'சுவிட்ச் டீச்சர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் வீட்டுக்காரர்கூட வந்தவர்களிடம், "நானே இந்த வீட்டுல சிலைதாங்க, உங்களுக்கு எப்படி டீ போட்டுக் குடுப்பேன்?" என்று கிண்டலடிப்பார். டீச்சருக்கு உள்ளுக்குள் பெருமைதான். இருக்காதா பின்னே!

அந்தப் பெருமையைப் பார்க்கத்தான் ஒரு நாள் கல்வித் துறை அதிகாரி அம்மா வந்தார். சுவிட்ச் டீச்சரின் முறை நன்றாக இருந்தால் மற்ற பள்ளிக்கூடங்களுக்கும் சொல்லிக்கொடுப்பதாகப் பேச்சு. பதினோரு மணி இடைவேளை, பிள்ளைகள் குழாயடியில் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் பெரிய கேட்டைத் திறந்துவிட, அதிகாரி அம்மாவின் கார் உள்ளே வந்தது. எங்கே ஒன்று சக்கரத்துக்குக் குறுக்கே ஓடிவிடுமோ என்று டீச்சர் வராந்தாவிலிருந்து குரல் கொடுத்தார்.

"சிலை!"

நின்றார்கள். வாயில் ஊற்றிய தண்ணீரை விழுங்காமல் நின்றான் ஒருவன். காரிலிருந்து இறங்கிய அதிகாரி அம்மா அப்படியே வாய் பிளந்தார். தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர் குழாயடிக்கு நடந்துபோய், வழக்கம்போல மெல்ல, "உயிர்" என்றார். எல்லாரும் வரிசையாக உள்ளே போனார்கள்.

அதிகாரி அம்மா கடைசி பெஞ்சில் நோட்டும் கையுமாக உட்கார்ந்தார். டீச்சர் கரும்பலகையில் கழித்தல் கணக்கு எழுதித் திரும்பினால், மூன்றாவது பெஞ்சின் ஓரம் காலி. அங்கே உட்காரும் பெண்ணுக்குத் 'தும்பி' என்று பட்டப்பெயர். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருக்கமாட்டாள், அதனால்.

"டீச்சர், என் ஜோடி வரல" என்றாள் அவளோடு பெஞ்சில் உட்காரும் சிறுமி.

பாத்ரூம் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு கணக்கு போட்டார். வரவில்லை. வகுப்புத் தலைவியைக் கண்ணால் கூப்பிட்டுப் பார்த்துவரச் சொன்னார். அவள் திரும்பி வந்து, இல்லை என்று தலையாட்டினாள். அப்போதுதான் டீச்சர் ஜன்னல் வழியே பார்த்தார். கார் வந்தபோது திறந்த கேட் திறந்தபடியே கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் மெயின் ரோடு, லாரி மேல் லாரி.

கையில் சாக்பீஸ், கடைசி பெஞ்சில் அதிகாரி, நோட்டில் என்னமோ எழுதுகிறார். இப்போது வாய் திறந்தால் பத்தொன்பது வருஷமும் அந்த நோட்டில் ஒரே வரியாகிவிடும். இன்னும் ஒரு கணக்கு, அதற்குள் வந்துவிடுவாள். இன்னும் ஒன்று. சொல்லவே கூசுகிறது, அப்படி நாலு கணக்கு போட்டார். பன்னிரண்டு நிமிஷம் போனது. ரோட்டில் ஒரு வண்டி கிறீச்சென்று பிரேக் அடித்தது. டீச்சர் சாக்பீஸைப் போட்டுவிட்டார்.

"மேடம், ஒரு பிள்ளையைக் காணோம்."

"எப்போலேர்ந்து?"

"இடைவேளையிலேர்ந்து. எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லல."

ரோட்டில் ஒன்றுமில்லை, நாய் குறுக்கே வந்ததற்குப் போட்ட பிரேக். ஆனால் தும்பியும் இல்லை. தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. வாட்ச்மேன் கடைப்பக்கம் ஓடினார். டீச்சர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தார். "தும்பி! தும்பி!" என்று பள்ளிக்கூடமே கூப்பிட்டது. கட்டடத்துக்குப் பின்னால் போய் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். உடைந்த பெஞ்சுகள் மலையாகக் குவிந்து கிடந்தனவே தவிர பதில் இல்லை.

"கடைசியா எங்கடி பார்த்தே?" என்று ஜோடிக்காரியின் தோளைப் பிடித்துக் கேட்டார் டீச்சர்.

"தண்ணி பாட்டில் மூடி பின்பக்கமா உருண்டு போச்சு. எடுக்கப் போனா. அப்போ நீங்க சிலை சொன்னீங்க." குட்டி கொஞ்சம் யோசித்தாள். "டீச்சர், அவளுக்கு இன்னும் நீங்க உயிர் குடுக்கலையே?"

கடவுளே. டீச்சர் கட்டடத்தின் பின்பக்கம் ஓடினார். டாக்டராவது தொண்டையாவது! அடித்தொண்டையிலிருந்து, "உயிர்! உயிர்! அம்மா, உயிர்டி!" என்று கத்தினார். இரண்டாவது உயிரிலேயே குரல் உடைந்துவிட்டது.

பெஞ்சுக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவில் சரசரவென்று சத்தம். இடுக்கிலிருந்து தும்பி பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தாள். கையில் பாட்டில் மூடி. கவுன் நனைந்திருந்தது. இரண்டு கால்களிலும் முட்டி வரைக்கும் சிவப்பாகத் தடித்திருந்தது. அவள் நின்ற இடம் எறும்புப் புற்று. நாற்பது நிமிஷம்!

"எல்லாரும் கூப்பிட்டாங்க டீச்சர். நான் பேசவே இல்ல" என்றாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது, முகத்தில் சிரிப்பு. "கடிச்சுது. அப்பவும் அசையல."

டீச்சர் மண்ணிலேயே உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார். பிள்ளைகள் எதிரில் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. அதிகாரி அம்மா நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, எறும்புகளைத் தட்டிவிட உட்கார்ந்தார்.

"பேரண்ட்ஸ்கிட்ட விளையாடும்போது எறும்பு கடிச்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார் தலைமையாசிரியர்.

"நீங்க சும்மா இருங்க சார்" என்றார் டீச்சர். தலைமையாசிரியரிடம் அப்படிப் பேசுவோமென்று டீச்சரே நினைத்ததில்லை.

தும்பியின் அம்மா தையல் கம்பெனியிலிருந்து பாதி வேலையில் ஓடிவந்தாள். டீச்சர் எதையும் மறைக்கவில்லை. கேட் திறந்திருந்தது, தான் மெல்லச் சொன்னது, பன்னிரண்டு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் கரகரத்த குரலில் சொல்லி முடித்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

அந்தம்மா மகளின் காலைத் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை.

"வீட்டுல நான் தொண்டை கிழியக் கத்தினாலும் இவ கேக்க மாட்டா டீச்சர். உங்க பேச்சைன்னா இப்படிக் கேக்கறாளே! நீங்க நல்லா இருக்கணும்."

அந்த நன்றியை டீச்சரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"இனிமே என் பேச்சையும் கேக்காதேன்னு சொல்லி அனுப்புங்கம்மா" என்றார்.

டீச்சர் தமாஷ் பண்ணுகிறார் என்று அந்தம்மா சிரித்தாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரித்தபடியே கேட்டைத் தாண்டிப் போனாள்.